மேல்காற்றே வா, என் கூலர் ரெடி!

ஏர் கூலர் வாங்கியதிலிருந்து தெருவில் யாரைப் பார்த்தாலும் நிறுத்தி வைத்து அதைப் பற்றியே பேசுகிறேன், இன்றைக்கு நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள், சொல்லி முடிக்காமல் விடமாட்டேன்!

எங்கள் பண்ருட்டிக் கத்திரி வெயில் உங்களுக்குத் தெரியும்தானே? மே மாதம் முழுக்கப் பலாப்பழ வாசனையும் அனலும் ஒன்றாக அடிக்கும். காலையிலேயே மேல்காற்று கிளம்பிவிடும். மொட்டை மாடித் தளம் பகலெல்லாம் காய்ந்து ராத்திரியெல்லாம் அந்தச் சூட்டை வீட்டுக்குள் இறக்கும், ஃபேன் போட்டால் அந்த அனலையே சுற்றிச் சுற்றி நம் தலையில் கொட்டும்.

இப்போது நினைத்துப் பாருங்கள். மத்தியானம் இரண்டு மணி, ஜன்னலோரம் கூலர். பம்ப் சுவிட்சைத் தட்டியதும் தொட்டித் தண்ணீர் மேலே ஏறி, அட்டையில் செய்த ஹனிகோம்ப் பேடுகள் மேல் சளசளவென்று இறங்குகிறது. பேடு முழுசாக நனையட்டும், கொஞ்சம் பொறுங்கள், அவசரப்படாதீர்கள்... ஆச்சா? இப்போது ஃபேனைப் போடுங்கள். அடடா! மழைக்கு முன்னால் வருமே ஒரு மண்வாசனைக் காற்று, அது அப்படியே கழுத்தில் வந்து விழுகிறது, வேர்வையெல்லாம் சட்டென்று ஜில்லிடுகிறது. முதல் நாள் நான் சின்னப் பிள்ளை போலக் கைதட்டிக் குதித்தேன், வீட்டில் எல்லோரையும் ஒவ்வொருவராக இழுத்து வந்து முன்னால் நிற்க வைத்தேன்.

இத்தனையும் எப்படி நடக்கிறது தெரியுமா? தண்ணீர் சில்லென்று இருப்பதால் அல்ல, அது ஆவியாவதால்! ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக மாற ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும், அதாவது மூன்றில் இரண்டு யூனிட் கரண்ட்டுக்குச் சமம். அந்த வெப்பத்தை நனைந்த பேடு வழியாக நுழைகிற காற்றிடமிருந்தே தண்ணீர் உருவிக்கொள்கிறது. மணிக்கு 4 லிட்டர் ஆவியானால் இரண்டரை யூனிட்டுக்கு மேல் வெப்பம் காற்றிலிருந்து கழிந்துபோகிறது, அதற்கு ஃபேனும் பம்பும் சேர்ந்து இழுப்பது 200 வாட் அளவுதான்! ஒன்றரை டன் ஏசி ஓடினால் 1,500 வாட் பக்கம் இழுக்கும். கரண்ட் போனால்கூடக் கவலையில்லை, நல்ல இன்வெர்ட்டர் இருந்தால் கூலர் பாட்டுக்கு ஓடும்.

இதிலும் பெரிய அதிசயம் ஒன்று இருக்கிறது. வெயில் எவ்வளவு காய்கிறதோ அவ்வளவு நன்றாக வேலை செய்கிறது இந்த மகராசன்! 40 டிகிரி வெயில், ஈரப்பதம் 30 சதவீதம் என்று வையுங்கள், நல்ல பேடு அந்தக் காற்றை 29 டிகிரி பக்கம் கொண்டுவந்துவிடும். மேல்காற்று வறண்டு அடிக்கிற நாளில்தானே நமக்கு உயிர் போகும்? அன்றைக்குத்தான் இது உச்சத்தில் நிற்கிறது! கடலூர்ப் பக்கமிருந்து கடல்காற்று ஏறி, 36 டிகிரியும் 60 சதவீத ஈரமுமாகப் புழுங்கினால் 31 டிகிரி வரைக்கும்தான் இறங்கும். அதனால் என்ன, கடல்காற்று வந்த பிறகு வெயிலே பாதி அடங்கிவிடுமே!

நெய்வேலிக்குப் போகும்போது இரண்டாம் அனல்மின் நிலையத்தில் இடை சிறுத்து நிற்கிற ராட்சதக் கோபுரங்களை அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். அங்கே பழுப்பு நிலக்கரி எரிகிறது, ஆனால் அந்தக் கோபுரங்களின் தலையிலிருந்து வெள்ளையாகக் கிளம்புவது புகையில்லை, நீராவி குளிர்ந்த துளிகள்! டர்பைனைச் சுற்றிவிட்டு வந்த நீராவியை மறுபடி தண்ணீராக்கிய குளிர்நீர் தானும் சூடாகித் திரும்ப, அதை உள்ளே தூவிவிடுகிறார்கள், கீழிருந்து காற்று ஏறுகிறது, கொஞ்சம் தண்ணீர் ஆவியாகி மீதித் தண்ணீரைக் குளிர வைக்கிறது. அங்கே தண்ணீர் குளிர்கிறது, இங்கே காற்று குளிர்கிறது, சூத்திரம் ஒன்றேதான்! ஒரு மின் நிலையத்தையே தாங்குகிற வித்தை என் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறது என்று புரிந்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை, சந்தோஷத்தில்தான்! நம் தாத்தா பாட்டிகள் வெட்டிவேர்த் தட்டியைக் கட்டித் தண்ணீர் தெளித்ததும் இதே வித்தைதான், அந்த வெட்டிவேர் நம் கடலூர் மாவட்டத்து நொச்சிக்காட்டு மணலிலேயே விளைகிறது. நான் கொஞ்சம் வாங்கித் துணியில் முடிந்து தொட்டியில் போட்டேன் பாருங்கள், ஐயோ, அந்த வாசனை! சுண்ணாம்புக் காளவாயில் ஏழு நாள் இருந்தும் குளிர்ந்திருந்த நாவுக்கரசரின் சூலை நோய் தீர்ந்த திருவதிகை எங்கள் ஊர்தான், அனலுக்குள் குளிர்ச்சி என்பது எங்களுக்கு எத்தனை பழைய ஆசை!

ஒன்றே ஒன்று, கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன், ஜன்னலைச் சாத்தாதீர்கள்! ஈரக்காற்று வெளியே போக எதிர்ப்பக்கம் வழி வேண்டும், அறையை அடைத்தால் ஈரம் தேங்கிப் புழுங்கும். கூலர் வேஸ்ட் என்கிறவர்களில் பாதிப்பேர் கதவை அடைத்தவர்கள்தான். வாரம் ஒரு தரம் தொட்டியை வடித்துத் தேய்த்துக் கழுவுங்கள், டெங்கு கொசு முட்டையிட இடம் கொடுக்கக் கூடாது. போர் தண்ணீரின் உப்புப் படிந்தால் பேடை அலசுங்கள், அவ்வளவுதான்.

தகர ஷீட் வீடுகளை நினைத்தால்தான் எனக்கு நெஞ்சு பொங்குகிறது. இடுக்கெல்லாம் காற்றுப் போகிற அந்த வீட்டில் ஏசி நிற்காது, கரண்ட் பில்லும் கட்டுப்படியாகாது. கூலருக்கோ அந்த இடுக்குகள்தான் வேண்டும்! வெயில் முதலில் சுடுவது அவர்களைத்தான். கையில் காசு இருக்கிறவர்களே, அடுத்த கத்திரிக்கு முன்னால் உங்களுக்குத் தெரிந்த ஒரு ஷீட் வீட்டுக்கு ஒரு கூலர் வாங்கிக் கொடுங்கள், நானும் வாங்கிக் கொடுக்கப்போகிறேன்!