உரைகல்

வங்கியின் நகைக்கடன் மேசையில் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு கறுப்புக் கல் கிடக்கும். மதிப்பீட்டாளர் வளையலின் கண்ணுக்குப் படாத ஓரத்தை அதில் அழுத்தி ஒரே இழுப்பாக இழுப்பார். மெல்லிய பொன்கோடு விழும். பக்கத்திலேயே, மாற்று தெரிந்த உரையாணியால் இன்னொரு கோடு. இரண்டுக்கும் குறுக்கே ஒரு சொட்டு அமிலம்.

பித்தளையாக இருந்தால் கோடு நொடியில் கரைந்துவிடும். நல்ல 22 காரட் அப்படியே நிற்கும். 18க்கும் 20க்கும் நடுவில் இருப்பதை அடையாளம் காண்பதில்தான் கைப்பழக்கம் தெரியும்: எது முதலில் மங்குகிறது, எவ்வளவு மங்குகிறது, மிஞ்சிய நிறம் சிவப்பா பச்சையா என்று பார்க்க வேண்டும். நகைக்குச் சேதாரம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

கல்லுக்கும் ஓர் எல்லை உண்டு. முலாம் கனமாக இருந்தால் அது மேல்தோலை மட்டுமே சொல்லும். எக்ஸ்ரே கருவியும் பெரும்பாலும் அப்படித்தான். அதனால் சந்தேகம் வந்தால் நகையைக் காற்றிலும் தண்ணீரிலும் நிறுத்து அடர்த்தி பார்ப்பார்கள். தூய தங்கம் தண்ணீரைப் போல் 19.3 மடங்கு கனம்.

வள்ளுவர் ‘தெரிந்துதெளிதல்’ அதிகாரத்தில் உரைகல்லைக் கட்டளைக்கல் என்கிறார்; ஆளின் பெருமை சிறுமையை அவரவர் செயலில் உரசிப் பார்க்கச் சொல்கிறார். எடைபோடுவது, சீர்தூக்குவது என்று தமிழில் மதிப்பிட வேறு சொற்களும் உண்டு. அவை அளவைக் கேட்பவை. உரசிப் பார்ப்பது தரத்தைக் கேட்கிறது.