சுவரும் ஓவியமும்

பினாங்கு ஜார்ஜ் டவுனில், ஆர்மேனியன் தெருப் பழஞ்சுவரொன்றில், லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சக்கரேவிச் 2012-ஆம் ஆண்டு மெய்யான மிதிவண்டியொன்றைப் பொருத்தி, அதன்மேல் சிறார் இருவரைத் தீட்டினார். அதனைப் படம் பிடிப்போர் பலர். ஆயின், சிறாரை மட்டும் நெருங்கியெடுக்கும் படங்கள் சுவரை மறக்கின்றன. காலக்கறை படிந்த அச்சுவரன்றோ ஓவியத்திற்கு உயிர்?

சுவருக்குப் பின்னே வீடு உண்டு. வீட்டிற்கு வரலாறும் உண்டு. குறைந்த வாடகைக்குக் காப்பளித்த 1966-ஆம் ஆண்டுச் சட்டம் 1997-இல் நீக்கப்பெற்றது. 2000-இல் அக்காப்பு அகலவே, நெடுங்காலம் குடியிருந்தோர் பலர் வெளியேறினர். 2008-இல் உலக மரபுச் சிறப்பு வாய்த்தது. போன குடிகளை அது மீட்டுத் தரவில்லை.

ஆதலின், ஓவியத்தோடு பூட்டிய கதவையும் மங்கிய பெயர்ப்பலகையையும் உடன் காட்டும் படமே கலையும் சான்றுமாகும். ஏனையவை வெறும் நினைவுப் பொருள்களே.