மடியில் ஒரு பேட்டரிப் பூனை

வயிற்றுப் பக்கம் ரோமத்தை விலக்கினால் ஒட்டுப்பட்டி. அதைப் பிரித்தால் நான்கு பேட்டரிக் கட்டைகளுக்கான குழி, பக்கத்திலேயே ஒரு சுவிட்ச். ஆப் கிடையாது, வைஃபை கிடையாது, சார்ஜரும் கிடையாது. 'ஜாய் ஃபார் ஆல்' என்ற பெயரில் ஹாஸ்ப்ரோ பொம்மை நிறுவனம் 2015-இல் அமெரிக்க முதியவர்களுக்காகக் கொண்டுவந்த பூனை இது. 2018-இல் அந்தப் பிரிவு ஏஜ்லெஸ் இன்னோவேஷன் என்ற தனி நிறுவனமானது. அங்கே இதன் விலை நூறு டாலருக்கு மேல். அமெரிக்காவில் வேலையில் இருக்கும் மாமன் மகன் ஊருக்கு வந்தபோது, அம்மாவின் அம்மாவான அம்மாயிக்கென்று கொண்டுவந்தான். நாமக்கல் பக்கம் புதுச்சத்திரம் தாண்டி, கோழிப்பண்ணைகளுக்கு நடுவே ஒரு தோட்டத்து வீட்டில் அம்மாயி தனியாக இருக்கிறார். சில வாரம் அங்கே போகவர இருந்து பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இது செய்கிற வேலைகள். தலையைத் தடவினால் கண்ணைச் சொக்கி மூடும். கன்னத்தில் கை வைத்தால் முகத்தைக் கையோடு சாய்க்கும். முதுகை விடாமல் வருடினால் உள்ளே அதிர்வு கிளம்பி, உள்ளங்கைக்குத் தெரியும்படி 'குர்ர்ர்' என்னும். இன்னும் கொஞ்சம் வருடினால் மல்லாந்து வயிற்றைக் காட்டும். முன்னங்காலைத் தூக்கி நக்குகிற பாவனை செய்யும். ஆளரவம் இல்லையென்றால் தூங்கிவிடும். எதிரே கை அசைந்தால் விழித்து 'மியாவ்' என்னும். நடக்காது. அசையும்போது உள்ளே மோட்டார் ஓடுவது கேட்கும். அம்மாயிக்குக் காது மந்தம் என்பதால் அது ஒரு பொருட்டாக இல்லை.

சேலம் சின்னக் கடைவீதியில் விற்கும் குரைக்கிற நாய்ப் பொம்மைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அந்த நாய் சுவிட்சைத் தட்டியதும், பக்கத்தில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குரைத்துக் குட்டிக்கரணம் போடும். இந்தப் பூனை தொட்டால்தான் அசையும், அதுவும் தொட்ட ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இல்லை. சில நேரம் தடவத் தடவக் கண்டுகொள்ளாமல் கிடக்கும். பூனை வளர்த்தவர்களுக்குத் தெரியும், அந்த அலட்சியம் இல்லாவிட்டால் அது பூனையே இல்லை.

அம்மாயி புதன்சந்தையில் மாடு பிடித்துப் பழகியவர். பெட்டியைப் பிரித்ததும் பூனையின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். வாலைத் தூக்கிப் பார்த்தார்.

"ஏஞ்சாமி, இது எலி புடிக்குமா?"

"புடிக்காதுங்க அம்மாயி."

"வெளிய தெருவ போயிட்டு வருமா?"

"நடக்கவே நடக்காது."

"அப்பறம் இத வெச்சு என்ன பண்றது?"

கேள்வி கேட்ட வாய் கேட்டுக்கொண்டே இருந்தது, கை மட்டும் முதுகை வருடுவதை நிறுத்தவில்லை. வாசலில் குஞ்சுகளோடு மேய்ந்துகொண்டிருந்த கோழிக்கு இத்தனை விசாரணை தேவைப்படவில்லை. சிறகை விரித்துக்கொண்டு திண்ணைக்கு முன்னால் வந்து நின்று கொக்கரித்தது. உருவ ஒற்றுமைக்கு அந்தக் கோழி கொடுத்த மதிப்பெண்ணையே நானும் கொடுக்கிறேன்.

ஜப்பானில் 'பாரோ' என்ற கடல்நாய்க்குட்டி (சீல்) ரோபோவை உருவாக்கிய தகனோரி ஷிபாடா முதலில் பூனை உருவத்தைத்தான் முயன்றார். எல்லாரும் நிஜப் பூனையோடு ஒப்பிட்டுக் குறை சொன்னார்கள். பனிக்கடலில் வாழும் குட்டியை யாரும் மடியில் வைத்துக் கொஞ்சியதில்லை, ஒப்பிட ஒன்றும் இல்லை என்று அந்த உருவத்துக்கு மாறினார். ஆயிரக்கணக்கான டாலர் விலையுள்ள பாரோவை அமெரிக்காவில் 2009-இல் மருத்துவக் கருவியாகவே வகைப்படுத்தினார்கள். ஷிபாடா கணக்குப்படி பார்த்தால் வீட்டுக்கு இரண்டு பூனை திரியும் நாமக்கல் பக்கத்தில் இந்தப் பேட்டரிப் பூனை தோற்றிருக்க வேண்டும். அம்மாயியும் குறைகளை வரிசையாகச் சொன்னார்தான். சொல்லிவிட்டு, இருட்டியதும் கட்டிலில் தலைமாட்டில் எடுத்து வைத்துக்கொண்டார்.

ஆனால் அடுத்த நாள் ஒரு கேள்வி வந்தது. "இதுக்கு என்ன போடறது?" ஒன்றும் போட வேண்டாம் என்றேன். சுவாரஸ்யம் பாதி அங்கேயே போய்விட்டது. முட்டிவலியால் மாடுகளை விற்றபோது அம்மாயி பாலுக்காக வருத்தப்படவில்லை. விடியக்காலை தீவனம் கேட்டுக் கத்த ஆள் இல்லையே என்றுதான் வருத்தப்பட்டார். எனக்கும் இந்தக் கருவியின் பெரிய ஓட்டை அங்கேதான் தெரிகிறது. பாசத்தை வாங்கிக்கொள்ளும், ஆனால் எதையும் கேட்காது. 1996-இல் வந்த பண்டாய் நிறுவனத்தின் 'டமகோச்சி' சாவிக்கொத்து அளவுதான் இருக்கும், திரையில் நாலு புள்ளிதான் நகரும். ஆனால் சோறு போடாவிட்டால் செத்துப்போகும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குள் அதை ஒளித்து எடுத்துப்போனதற்கு வேறென்ன காரணம் வேண்டும்?

கேட்கத் தெரிந்த ரோபோ வேண்டுமென்றால் சோனியின் 'ஐபோ' நாய் இருக்கிறது. 1999-இல் ஜப்பானில் 2,50,000 யென் விலையில் விற்பனைக்கு வந்தபோது 3,000 நாய்களும் 20 நிமிடத்தில் தீர்ந்தன. 2006-இல் தயாரிப்பை நிறுத்தினார்கள், 2014-இல் பழுதுபார்ப்பையும் நிறுத்தினார்கள். பிறகு முன்னாள் பொறியாளர்கள் சிலர் பழைய நாய்களின் உதிரிபாகத்தை எடுத்து மற்றவற்றைப் பிழைக்க வைத்தார்கள். உதிரிபாகத்துக்குப் பிரிக்கும் முன் சிபா மாகாணத்தின் இசுமி நகரில் உள்ள கோஃபுகுஜி புத்தர் கோயிலில் அவற்றுக்கு இறுதிச் சடங்கும் நடந்தது. 2018-இல் புதிய ஐபோ வந்தபோது அதன் விலை 1,98,000 யென். அதற்கு மேல் இணையச் சேவைக்குத் தனிக் கட்டணம். முகம் பார்த்து ஆளை அடையாளம் காணும், வளர வளரக் குணம் மாறும். கட்டணம் நின்றால் குணமும் நின்றுவிடும் ஒரு பிராணியைத் தோட்டத்து வீட்டில் கொண்டுவந்து விட எனக்கு மனமில்லை. கரண்டே அங்கே வந்து வந்து போகிறது.

சோறு கேட்கிற உயிருக்கு நோயும் வலியும் உண்டு. அந்த மறுபக்கத்தைச் சேலம் பார்த்திருக்கிறது. சுகவனேஸ்வரர் கோயில் யானை ராஜேஸ்வரி நோயில் விழுந்து எழ முடியாமல் கிடந்ததும், கருணைக்கொலைக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2018 மார்ச்சில் அனுமதி கொடுத்ததும், அதற்குள் ஏப்ரலில் அது தானாகவே இறந்ததும் ஊருக்குத் தெரியும். 2023-இல் திருச்சூர் மாவட்டத்தின் இரிஞ்சாடப்பிள்ளி கோயிலுக்கு பீட்டா அமைப்பு ரோபோ யானை கொடுத்த செய்தியைப் படித்தபோது எனக்கு ராஜேஸ்வரி ஞாபகம்தான் வந்தது. 800 கிலோ எடை, மோட்டாரில் ஆடும் காது, தும்பிக்கையில் தண்ணீர். அதற்குக் கால் புண்ணாகாது. அந்த யானையிடம் யாரும் துணை தேடவில்லை. அது நிஜ யானையைக் காப்பாற்ற வந்தது. பூனை காப்பாற்ற வந்தது மனிதரை. இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கக்கூடாது.

இனி நம் ஊர் நடைமுறை. இதற்கு வேண்டியது 'சி' அளவுக் கட்டை. டார்ச்சுக்குப் போடும் பெரிய கட்டை எங்கும் உண்டு, ரிமோட் கட்டை பெட்டிக்கடையிலும் உண்டு. நடுவில் இருக்கும் இந்த அளவைக் கேட்டால் நாமக்கல் கடைக்காரர்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். கடைசியில் ஆன்லைனில்தான் வாங்க வேண்டியிருந்தது. மெஷினில் துவைக்கக்கூடாது, ஈரத்துணியால் துடைத்துச் சீவ வேண்டும். கோழித்தீவனத் தூசு பறக்கும் ஊரில் வெள்ளை நிறத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சித்திரை வெயிலில் செயற்கை ரோமத்தை மடியில் வைத்துக்கொள்வது தண்டனை. பகலில் அது கட்டிலில் கிடக்கும், சாய்ந்தரம்தான் மடி. ஊசி குத்த வேண்டாம், பிராண்டாது, வெறிநாய்க்கடி பயம் இல்லை. காவலுக்கு மட்டும் இதை நம்பிவிடாதீர்கள், தோட்டத்து வீட்டுக்கு நிஜ நாய் இல்லாமல் ஆகாது.

நியூயார்க் மாநில முதியோர் நலத்துறை 2018 முதல் தனிமையில் இருக்கும் முதியவர்களுக்கு இந்த வகைப் பூனைகளையும் நாய்களையும் கொடுத்துவருகிறது. இது மனிதரை ஏமாற்றும் வேலை, துணைக்குப் பதில் துணையின் பாவனையைக் கொடுக்கிறோம் என்று, மனிதருக்கும் இயந்திரத்துக்கும் உள்ள உறவை ஆராயும் ஷெர்ரி டர்க்கிள் போன்றவர்கள் பல காலமாக எதிர்க்கிறார்கள். பிள்ளைகள் போன் பண்ணுவதை நிறுத்துவதற்கு இந்தப் பூனை சாக்கானால் அவர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி.

நடமாட முடிந்து, ஒரு கைப்பிடி தானியம் இறைக்க முடிந்தவருக்கு இதை வாங்காதீர்கள். இந்தப் பணத்துக்கு மேச்சேரி ஆட்டுக்குட்டி ஒன்றே பிடித்துவிடலாம். அம்மாயியும் அதே முடிவுக்குத்தான் வந்தார். ஆசை தீர்ந்ததும் பூனையைப் பக்கத்துத் தோட்டத்துக்குக் கொடுத்துவிட்டார். அங்கே ஞாபகம் தப்பிப் படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர் பகலெல்லாம் போர்வையின் நூலைப் பிய்த்துக்கொண்டே இருப்பார். பூனை போன பிறகு அந்தக் கை ரோமத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. "பொம்மைதானுங்க, அவருக்கும் சொல்லிட்டேன். கேட்டுக்கிட்டு மறுபடி தடவறாரு" என்கிறார் அவர் மனைவி. அந்த மாதிரி வீட்டுக்கு இது தாராளமாக வாங்கலாம். சுவிட்சில் சத்தம் மட்டும் வராத நிலை ஒன்று உண்டு, இரவில் அதில் வைத்துவிடுங்கள். இல்லையென்றால் நடுராத்திரி போர்வை அசைந்தாலும் மியாவ் என்னும்.