ஏணியும் கிளையும்

‘டார்வினுக்கு முன்பே நம்மவர்’ என்று கட்டுரை எழுதுவது எங்களிடம் வழக்கமாகிவிட்டது. முஸ்லிம் எழுத்தாளர் இப்னு கல்தூனைக் காட்டுவார்; தமிழ்ப் பண்டிதர் தொல்காப்பிய மரபியலைக் காட்டுவார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தவர் குறைவு.

மரபியல் உயிர்களைப் புலனறிவால் வகுக்கிறது: புல்லும் மரமும் ஓரறிவு, நத்தை ஈரறிவு, எறும்பு மூவறிவு, நண்டு நாலறிவு, விலங்கு ஐயறிவு, மனிதன் ஆறறிவு. 1377இல் எழுதிய ‘முகத்திமா’வில் இப்னு கல்தூன் கனிமம், தாவரம், விலங்கு என்று படி அமைக்கிறார். விலங்கின் முதற்படியில் அவர் வைப்பதும் தொடுபுலன் மட்டுமுள்ள நத்தையும் சிப்பியுந்தான். மனிதனுக்கு முந்திய படியில் குரங்கு. ஒரு படியின் கடைசி, அடுத்த படியின் முதலாக மாற ஆயத்தமாக உள்ளது என்றும் சொல்கிறார். ஆழமான சிந்தனைதான். ஆனால் எது, எப்போது, எதிலிருந்து பிரிந்தது என்ற வம்ச வரலாறு அங்கே இல்லை. அது தரவரிசை, ஏணி.

டார்வின் 1859இல் வெளியிட்ட நூலில் இருப்பது ஒரேயொரு வரைபடம். அது ஏணியல்ல, கிளைவிடும் மரம். வித்தியாசம் சின்னதில்லை. ‘குரங்கிலயிருந்து மனுசன் வந்தா, இப்பவும் ஏன் குரங்கு கிடக்கு?’ என்று பிள்ளைகள் கேட்கிறார்களே, அந்தக் கேள்வி ஏணியில் பிறந்தது. கிளையில் அதற்கு இடமில்லை.

குருநகர் இறங்குதுறையில் ஒரு பாரையைத் தூக்கிப் பாருங்கோ. கழுத்தில்லை, தலை தோளெலும்போடு பொருந்திக் கிடக்கும். 2004இல் கனடாவின் வடதுருவப் பகுதியில், ஏற்ற வயதுடைய பாறையைத் தெரிந்தெடுத்துத் தேடியவர்களுக்கு ‘டிக்டாலிக்’ கிடைத்தது. வயது ஏறத்தாழ 37.5 கோடி ஆண்டு. மீனின் செதில், மீனின் செட்டை. ஆனால் தனிக் கழுத்து, செட்டைக்குள் மணிக்கட்டுப் போன்ற எலும்புகள். அதுதான் எங்கட நேர்ப்பாட்டன் என்று ஆய்வாளர் சொல்லவில்லை. நீர் விட்டு நிலமேறிய கிளைக்குக் கிட்ட நிற்பது, அவ்வளவுதான். பாரையும் எங்களுக்குக் கீழ்ப்படி அல்ல. வேறு கிளையில் எங்களளவு காலம் மாறிவந்த உறவு.

எங்கட கட்டுரைகளின் உண்மையான கோளாறு முரண்பாடு. ஒரு பக்கத்தில் கூர்ப்பு பொய் என்கிறோம். மறுபக்கத்தில் அதை முதலில் சொன்னது நாம் என்கிறோம். பொய்யானால் அதில் பெருமை எதற்கு? ரூஹைப் பற்றி எலும்பு பேசாது. அது வேறு இல்ம். எலும்பு பேசுவதையாவது ஒழுங்காகக் கேட்போம். இப்னு கல்தூனை டார்வினாக்க வேண்டாம். இப்னு கல்தூனாகவே படிப்போம். அதுவே அவருக்குச் செய்யும் மரியாதை.