நாட்டுக்கோட்டை வீட்டுக்குப் புது முதலாளி

செட்டிநாட்டில் ஒரு பழைய வீடு விழுவதற்கு மழையும் கரையானும் மட்டும் காரணமல்ல, பங்கும் காரணம். பாட்டனார் கட்டிய வீட்டில் பிள்ளைகளுக்கு ஆளுக்கோர் அறை என்று பிரிந்து, கொள்ளுப்பேரன் காலத்தில் பாத்தியதை உள்ளவர்களைக் கூட்டினால் ஒரு கல்யாணப் பந்தியே போடலாம். அறைக்கு இன்னார் சொந்தக்காரர் என்று உண்டு. நடுமுற்றமான வளவும் முகப்பும் கூரையும் பொது. பொது என்றால் ஓடு சரிந்தால் ஏறிப் பார்க்க ஆளில்லை என்று பொருள். ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் பேச்சுவார்த்தையே இல்லாமல் அடுத்த தெருவில். செலவைப் பங்கிட ஒருவர் மறுத்தாலும் வேலை நின்றுவிடும்.

பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திச் சேர்த்த பணம், ஏறத்தாழ 1850 முதல் 1940 வரை இந்த வீடுகளாக நின்றது. 1930களின் பொருளாதார வீழ்ச்சியும், 1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் புகுந்ததும், 1960களில் பர்மிய அரசு தொழில்களைத் தேசியமயமாக்கியதும் அந்த வரவை நிறுத்தின. பல வீடுகள் கல்யாணத்துக்கும் முன்னோர் படைப்புக்கும் மட்டும் திறக்கப்படுபவை ஆயின. பிறகு அதுவும் குறைந்தது.

புதிதாக வாங்குபவர் வருவது இந்தக் கட்டத்தில்தான். அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்கி, வில்லங்கம் பார்த்து, ஒரே பத்திரமாக்கிவிட்டால் பல்லாண்டு நோய்க்கு ஒரே நாளில் மருந்து கிடைத்துவிடுகிறது. கூரையைப் பிரிக்கச் சொல்ல இனி ஒரு வாய் போதும். கானாடுகாத்தானில் ஒரு தந்தை மகளுக்கென்று கட்டிய விசாலம், கடியாபட்டியின் சிதம்பர விலாஸ், பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் இருவர் மீட்ட கொத்தமங்கலத்துச் சாரதா விலாஸ் எல்லாம் இன்று விடுதிகளாக நிமிர்ந்து நிற்கின்றன. வீட்டை விடுதியாக்கலாமா என்று முகம் சுளிப்பவர்கள், பக்கத்துத் தெருக்களில் அரசமரம் பிளந்த சுவர்களையும் ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம். மீட்பு வேண்டுமா என்பதில் எனக்குக் கேள்வியே இல்லை. வேண்டாம் என்று சொல்ல ஆளே இல்லாத வீட்டில் அந்த ஒற்றை வாய் வேறு எதற்கெல்லாம் உத்தரவு போடுகிறது என்பதுதான் கேள்வி.

முதலில் சுவர். இந்த வீடுகளின் பூச்சைக் கைவைத்துப் பார்த்தால்தான் நம்ப முடியும். சுண்ணாம்புக் காரையைப் பல அடுக்குகளாகப் பூசி, கடைசி அடுக்கில் கிளிஞ்சல் சுண்ணாம்பையும் முட்டை வெண்கருவையும் சேர்த்துத் தேய்த்து மெருகேற்றியது. ஈரத்துணியால் துடைத்தால் போதும், இன்றும் பளிச்சென்று இருக்கும். ஆனால் சுவரின் அடியில் முழ உயரத்துக்குப் பூச்சு பெயர்ந்து செங்கல் தெரிகிறது என்று வையுங்கள். மேஸ்திரி சிமெண்டுக் கலவையைக் குழைத்து அடைத்துவிடுவார். செலவு குறைவு, மறுநாளே காய்ந்துவிடும், பார்க்கவும் சுத்தம். இரண்டு மூன்று மழைக்காலம் கழித்து, சிமெண்டு போட்ட இடத்துக்கு மேலே, அதுவரை நன்றாக இருந்த பழைய பூச்சில் உப்புப் பூக்கும். தரையிலிருந்து ஏறும் ஓதம் சுண்ணாம்புப் பூச்சின் வழியாக வெளியேறிக்கொண்டிருந்தது. சிமெண்டு அந்த வழியை அடைக்க, ஈரம் உள்ளேயே மேலேறிப் புது இடத்தில் வாய் திறக்கிறது. நூறு வருஷப் பூச்சின் மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் அடிப்பதும் இதே தப்புதான். அதிலும் பெயிண்டைச் சுரண்டினால் மெருகும் கூடவே வந்துவிடும்.

இதற்காகச் சிமெண்டைத் தீண்டவே கூடாது என்பாரோடும் நான் சேரமாட்டேன். எல்லாரும் கொண்டாடும் ஆத்தங்குடிக் கல்லே சிமெண்டில் செய்ததுதான். கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, மணலும் சிமெண்டும் நிரப்பி அழுத்தி, தண்ணீரில் ஊறப்போட்டு எடுக்கிறார்கள். கட்டியவர்கள் பழமைவாதிகளும் அல்லர். பர்மாத் தேக்கு, இத்தாலியச் சலவைக்கல், ஜப்பானியப் பூ ஓடு, பெல்ஜியம் கண்ணாடி என்று கப்பலில் வந்த புதுமையையெல்லாம் வீட்டுக்குள் ஏற்றினார்கள். எதை எங்கே வைத்தால் வீடு மூச்சுவிடும் என்ற கணக்கு மட்டும் அவர்களிடம் தவறவில்லை.

அந்தக் கணக்கை ஒரே போடாகக் கெடுப்பது வளவை மூடும் வேலை. நாலு பக்கக் கூரையின் தண்ணீரும் வளவுக்குள் விழுந்து, வாய்க்கால் வழியே வெளியேறும். சூடேறிய காற்று மேலே போக, கீழ் அறைகளுக்குக் குளிர்ச்சி கிடைக்கும். புது முதலாளிக்கு விருந்தாளி நனையக் கூடாது, குரங்கு இறங்கக் கூடாது, மழை நாளிலும் மேஜை போடவேண்டும். ஒளி ஊடுருவும் தகடு ஒன்றைப் போட்டு மூடிவிடுகிறார். வளவு வேகத் தொடங்குகிறது. சுற்றியுள்ள அறைகளுக்கு ஏசி வருகிறது. ஏசிக்காகச் சுவரை வெட்டுகிறார்கள். பங்காளிகள் இருந்தவரை இத்தனைக்கும் யாராவது ஒருவர் குறுக்கே நின்றிருப்பார். ஒற்றுமையின்மை வீட்டை அழித்தது மெய், அதே ஒற்றுமையின்மைதான் அதை மாற்றவிடாமலும் வைத்திருந்தது.

மீட்பின் பெரிய குறை வீட்டுக்கு வெளியே, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இருக்கிறது. தேக்குத் தூண், செதுக்கிய நிலை, எனாமல் தூக்கு, பீங்கான் ஜாடி, தஞ்சாவூர்ப் படம் எல்லாம் அங்கே கடைகடையாகக் கிடக்கும். மீட்கிற வீட்டில் இரண்டு தூண் குறைகிறது, ஒரு கதவு களவு போயிருக்கிறது. பொருத்தமானதைத் தேடி அங்கே போகிறார்கள். கிடைக்கிற தூண் மானத்திலிருந்து விழுந்ததில்லை, வேறோர் ஊரில் பிரித்த வீட்டிலிருந்து வந்தது. ஒரு வீட்டின் வாய் நிறைய, இன்னொரு வீடு பல்லைக் கழற்றிக் கொடுக்கிறது. வீடாக விற்பதைவிடப் பிரித்து விற்றால் கையில் கூடுதலாகத் தேறும் என்ற நிலை வந்துவிட்டால், கையெழுத்துப் போடவேண்டிய அத்தனை பங்காளிகளுக்கும் இடிப்பு ஒன்றுதான் எளிதான சமரசம். பிரித்த மரத்தைக் காசாக்கிப் பங்கு போட்டுவிடலாம், வீட்டை அப்படிப் போட முடியாது.

எப்படியும் விழுந்த வீட்டின் தூண் அடுப்புக்குப் போவதைவிட இன்னொரு வீட்டைத் தாங்கட்டுமே என்பார்கள். ஒரு தூணுக்கு அது சரி. முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீடொன்றைப் பிரித்துக் கொண்டுவந்து நிறுத்தியபோது அது இன்ன இடத்து வீடு என்ற விவரமும் கூடவே வந்தது. சந்தைக்கு அந்தப் பொறுமை கிடையாது. தானாக விழுந்தது எது, விலைக்காகத் தள்ளப்பட்டது எது என்று எந்தத் தூணிலும் எழுதியிருப்பதில்லை. ஆகவே தேக்குத் தூணுக்குப் பக்கத்தில் உள்ளூர் ஆசாரி நாட்டு மரத்தில் இழைத்த புதுத் தூண் ஒன்று, புதிது என்று தெரியும்படியே நிற்பதுதான் எனக்கு நேர்மையாகப் படுகிறது. படம் பிடிப்பவர்களுக்கு அது உறுத்தும். உறுத்தட்டும்.

அரசைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இருக்கின்றன. மரபுக் கட்டடங்களுக்கான ஆணையச் சட்டத்தை மாநிலச் சட்டமன்றம் 2012இலேயே நிறைவேற்றியது. இவற்றால் தனியார் வீட்டுக் கதவு ஒன்று லாரியில் ஏறாமல் நின்றது என்று நான் கேள்விப்பட்டதில்லை.

புது முதலாளிகள் கணக்கில் தயங்காமல் வரவு வைக்கவேண்டியது ஒன்று உண்டு. காரை அரைக்கவும் பழைய மெருகு பிடிக்கவும் தெரிந்த கொத்தனார்களுக்கு இன்று வேலை கொடுப்பவர்கள் பெரும்பாலும் அவர்களே. நாட்டு ஓட்டைத் திரும்ப வேயத் தெரிந்தவருக்கும் அப்படித்தான். ஆனால் திறப்பு விழா முடிந்ததும் அந்தக் கொத்தனார் வயிற்றுப்பாட்டுக்குச் சிமெண்டு வேலைக்கே திரும்பிவிடுகிறார். ஓட்டுக் கூரை ஒருமுறை வேய்ந்துவிட்டால் தீர்ந்தது என்பதில்லை. வருஷாவருஷம் ஐப்பசி மழைக்கு முன் ஏறி, உடைந்ததை மாற்றி, சருகு தள்ளி, முளைத்த அரசங்கன்றை வேரோடு எடுக்கவேண்டும். ஒரு விடுதிக்கு ஆண்டில் சில நாள் வேலைதான். பொதுப்பணம் போட்டு வீட்டை விற்காமல் வைத்திருக்கும் பங்காளிக் குடும்பங்களும் அதே ஊர்களில் இருக்கின்றன. அவர்களும் அந்த ஆட்களையே முறைவைத்துக் கூப்பிட்டால், சுண்ணாம்பு வேலைக்காரருக்கு ஆண்டு முழுக்கக் கூலி ஓடும். பங்காளிகளுக்கும் விற்பதா இடிப்பதா என்ற இரண்டுக்கு மேல் மூன்றாவதாக ஒரு வழி கிடைக்கும்.