அகழியும் கூழும்

1999இல் நியூ வேர்ல்ட் கம்ப்யூட்டிங் நிறுவனம் உருவாக்கிய ‘ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3’ கணினி விளையாட்டை இன்றும் ஆடுகிறவர்கள் உண்டு. அதில் நகரத்துக்கு முதலில் மதில் எழுப்பலாம். அடுத்த கட்டத்துக்கு உயர்த்தினால் அகழியும் அம்பெய்யும் கோபுரமும் சேரும். அகழியில் கால்வைத்த படை அந்தச் சுற்றில் மேலே நகர முடியாது, அடியும் வாங்கும். அது நின்ற இடத்திலேயே கோபுரத்து அம்புக்கு இலக்காகும். பறக்கும் படைகளுக்கு மட்டும் அகழி ஒரு பொருட்டில்லை.

இந்த அமைப்பில் ஓர் அறிவு இருக்கிறது. அகழி பகைவரைத் தடுத்துவிடுவதில்லை, தாமதிக்க வைக்கிறது. அந்தத் தாமதத்தைப் பயன்படுத்த மதில்மேல் ஆளில்லையென்றால் அது வெறும் பள்ளம்.

நம் புறத்திணை இலக்கணத்துக்கும் இது தெரியும். உழிஞைத் திணையில் அகழிப் போருக்கென்றே ஒரு துறை உண்டு. புறப்பொருள் வெண்பாமாலை அதைப் பாசிநிலை என்கிறது. நீர்ப்பாசி விலகி மறுபடி கூடுவதுபோல இரு படைகளும் ஒதுங்கியும் நெருங்கியும் பொருவது. மதிலில் ஏணி சார்த்துவது ஏணிநிலை. தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்த இந்தத் துறைப்பெயர்களை, திரையின் அறுகோணக் கட்டங்களில் பிள்ளைகள் பெயர் தெரியாமலே ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் விளையாட்டு விட்டுவிட்ட ஒன்று உண்டு: பசி. அதில் முற்றுகை ஒரே சண்டையில் முடிந்துவிடும். திருக்குறளின் அரண் அதிகாரமோ கோட்டைக்குள் உணவு இருக்கவேண்டும் என்று நிபந்தனை வைக்கிறது. ஒனிஹங்காவுக்கு வடக்கே நிற்கும் மவுங்காகியேகியே குன்றும் அதையே சொல்கிறது. மாவோரி மக்களின் அந்தப் பழைய அரணில், படிப்படியாக வெட்டிய தளங்களோடும் காப்புப் பள்ளங்களோடும் கூமரா கிழங்கு சேமித்த குழிகளும் இருக்கின்றன.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. 1990 ஜூன் முதல் செப்டம்பர் வரை நீடித்த கோட்டை முற்றுகையில், அகழிக்கு உள்ளே உணவைச் சேர்ப்பதே ஒரு போராக இருந்தது. அகழிக்கு வெளியே நகரம் குண்டுகளில் சிதைந்தது. விளையாட்டில் அந்த நகரத்துக்குக் கட்டடங்கள் உண்டு, வருமானம் உண்டு. ஓடி ஒளிய வேண்டிய மனிதர்கள் இல்லை.

அதனால் இந்த விளையாட்டை ஒதுக்கவேண்டும் என்பதில்லை. அகழி எப்படி வேலை செய்கிறது என்பதை அது நேர்மையாகக் காட்டுகிறது. அகழிக்கு இருபுறமும் யார் இருந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்பதைப் பிள்ளைகளுக்கு நாம்தான் சொல்லவேண்டும்.