விண்கல்லும் வயற்கல்லும்

பூமிக்கு அப்பால் உயிர் உண்டா என்னும் வினா இன்று ஆய்வுகூடங்களில் விடை தேடப்படும் வினாவாகும். இத்தேடலில் உலகறிந்த இலங்கையர் இருவரின் ஆய்வுமுறைகளை ஒப்புநோக்குவது பயனுடைத்தென நாம் கருதுகிறோம்.

2012 டிசெம்பர் 29ஆம் திகதி பொலன்னறுவை மாவட்டத்து அரலகன்விலவில் விண்கற்கள் வீழ்ந்ததாகச் சொல்லப்பட்டது. அங்கு பொறுக்கிய கற்களை ஆராய்ந்த சந்திர விக்கிரமசிங்கவும் சகாக்களும், அவற்றில் தயற்றம் எனும் நுண் அல்காக்களின் உயிர்ச்சுவடுகள் உள்ளன என 2013 சனவரியில் எழுதினர். உயிரின் வித்துக்கள் விண்ணிலிருந்தே வந்தன என, பிரெட் ஹொயிலுடன் சேர்ந்து நெடுங்காலம் வாதாடியவர் விக்கிரமசிங்க.

அவர்களது கட்டுரையின் அடிப்படைக் குறை யாது? அக்கற்கள் விண்கற்கள்தாமா என்பதே ஐயத்துக்கிடமின்றி நிறுவப்படவில்லை. படங்களிற் காணப்பட்டவை பூமியின் நன்னீரில் வாழும் தயற்றங்களே என அறிஞர் சுட்டிக்காட்டினர். தயற்றங்கள் குளத்திலும் வாய்க்காலிலும் வயல்நீரிலும் வாழ்பவை. கல்முனைக்கு மேற்கேயுள்ள வயல்களில் ஈரவரம்பிற் கிடக்கும் கல்லை நுணுக்குக்காட்டியில் நோக்கினும் அவை தென்படக்கூடும். அதனால் அக்கல் வானிலிருந்து வந்ததாகிவிடுமா?

காலியில் 1923இல் பிறந்த சிறில் பொன்னம்பெரும வேறு வழி நின்றார். 1969 செப்டெம்பர் 28ஆம் திகதி அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசனில் வீழ்ந்த விண்கல்லை நாசாவின் ஆய்வுகூடமொன்றில் அவரும் கூட்டாளிகளும் ஆராய்ந்தனர். அதில் அமினோ அமிலங்கள் இருந்தன. தொட்ட கையின் வியர்வையிலும் அமினோ அமிலம் உண்டு. ஆகவே, 'இது பூமியின் அழுக்கா?' என்பதே தீர்க்கவேண்டிய வினாவாயிற்று. உயிர்களின் புரதங்களில் உள்ளவை இடக்கை வடிவின. கல்லில் இருந்தவற்றிலோ இடக்கை, வலக்கை வடிவங்கள் ஏறத்தாழச் சமமாயிருந்தன. புரதங்களிற் காணப்படாத அமிலங்களும் இருந்தன. 1970இல் முடிவை வெளியிட்டபோது, உயிரைக் கண்டோம் என அவர்கள் முழங்கவில்லை. உயிருக்கு வேண்டிய மூலப்பொருள் விண்ணில் உயிரின்றியே உருவாகிறது என்ற அளவில் நின்றனர். அம்முடிவு இன்றும் நிலைத்து நிற்கிறது.

இலங்கையர் கண்டறிந்தார் என்னும் பெருமிதம் சான்றாகாது. பேரறிஞர் கூறினார் என்பதும் சான்றாகாது. பெரியோர் வாக்கென்று எதனையும் தலைமேற்கொள்ளும் பழக்கம் சமூகத்தைப் பிணித்திருக்கும் விலங்குகளுள் ஒன்று; விஞ்ஞானத்தின் பெயரால் வரினும் அது விலங்கே. கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் அக்கரைப்பற்றிலும் தமிழில் விஞ்ஞானம் பயிலும் மாணவர் பரீட்சைக்காக முடிவுகளை மனனஞ் செய்தால் மட்டும் போதாது. 'இது இங்கிருந்தே வந்திருக்கலாகாதா?' எனக் கேட்கும் துணிவை அவர்களுக்கு அளிப்பதே விஞ்ஞானக் கல்வியின் முதற்கடமை.